சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது

மேலே ஒருவர், "சிறுநீரில் கேன்சர் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் சிறுநீர்ப்பையில் கேன்சர் இல்லை, கேமரா சோதனையெல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்று எழுதியிருக்கிறார். இது தவறு.

அந்தச் சோதனை, பையின் உள்தோலிலிருந்து உதிரும், வேகமாகப் பெருகும் முரட்டுப் புற்றுச் செல்களைத்தான் நன்றாகப் பிடிக்கும். யூராக்கஸ் புற்றுநோய் வேறு ரகம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. கருவில் தொப்புளையும் சிறுநீர்ப்பையையும் இணைத்த குழாயின் மிச்சத்தில், பையின் உச்சியில், உள்தோலுக்கு வெளியே தொடங்கும். உள்தோலைத் துளைக்கும்வரை சிறுநீரில் செல்லும் வராது, இரத்தமும் வராது. துளைத்த பிறகு சிலருக்குச் சிறுநீரில் சளி போல வழவழப்பாக வரும். அதைக் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடும்.

சிடி ஸ்கேனில் நடுக்கோட்டில், உச்சியில் கட்டி, அதில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு சிறுநீர்த்துளை வழியாகப் பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா. பார்ப்பது மட்டும் என்றால் மரப்பு ஜெல் போட்டுச் சில நிமிடங்களில் முடியும். சோதனைக்குச் சதை எடுக்கும்போது தசை அடுக்கும் வர வேண்டும், மேலோட்டமாகச் சுரண்டினால் ஆழம் தெரியாது. நுண்ணோக்கியில் இது பெரும்பாலும் பெருங்குடல் புற்றுநோயை ஒத்திருக்கும், ஆகவே குடல் கேமராவும் அவசியம்.

மலேசியாவில், பினாங்கிலோ கேஎல்லிலோ (கோலாலம்பூர்) அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி, அரசு மருத்துவமனை யூராலஜிக்கு (சிறுநீர்ப் பாதை நோய்ப் பிரிவு) போகலாம். தனியாரில் சதை எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடு, சதையைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.