பாசி வழிக்கப் போனவள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் விழாவில், கனடாவில் குட்டைப் பாசியை ஆராயும் என் மாணவி பேசும்போது நடந்ததை வாட்ஸ்அப்பில் பார்த்து, சிரித்தும் முடித்திருப்பீர்கள். எனக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. "பாசி வழிக்க எதற்கு அம்மணி கனடா? நம் கோபிப் பக்கத்துக் குட்டையில் இல்லாத பாசியா?" என்று மேடையில் ஒருவர் கேட்டார். பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எட்டாம் வகுப்பிலிருந்தே அழுகை முட்டினால் அவள் அப்படித்தான் சிரிப்பாள்.

ஐயா, குட்டைப் பாசிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குட்டை எப்படி வந்தது என்று அவள் சொல்வதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டீர்களே!

கனடாவில், ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் காலங்காலமாக உறைந்து கிடந்த மண் இளகிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்த பனிக்கட்டி உருகியதும் நிலம் அமுங்கிப் பள்ளமாகிறது, பள்ளத்தில் நீர் தேங்குகிறது. யாரும் வெட்டாத குட்டை. வடகோள உறைநிலத்துக்குள் மொத்தம் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது, காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. மட்காமல் கிடந்த பழைய வேரையும் இலையையும் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கினால் கரியமில வாயுவும் மீத்தேனும் கிளம்பும். அதே நீரில் இருக்கும் பாசி, வெயிலை வைத்துக் கரியமில வாயுவை இழுத்துப் பிராணவாயுவை விடுகிறது. அது கிடைத்தால் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களும் பிழைக்கும்.

அவள் காட்டிய படத்தைக் கவனித்தீர்களா? அக்கம்பக்கத்தில் இரண்டு குட்டைகள். ஒன்று வரக்காப்பி நிறம், மற்றொன்று பச்சை. காப்பி நிறக் குட்டையில் வெளிச்சம் கீழே இறங்காது. அங்கும் சில பொன்னிறப் பாசிகள் பாக்டீரியாவை விழுங்கிக் காலம் தள்ளுகின்றன. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"அப்படியானால் பாசி உலகத்தைக் காப்பாற்றிவிடுமா டீச்சர்?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. இந்தக் குட்டைகளில் பல, இழுப்பதைவிட அதிகமாகவே வெளியே விடுகின்றன. செத்த பாசி அடியில் படிந்தால் மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுக்கே தீனியாகிறது. அதனால்தான் எந்தக் குட்டையில் எந்தப் பாசி, எவ்வளவு என்று ஒருத்தி குளிரில் நின்று எண்ண வேண்டியிருக்கிறது.

"நம் நொய்யலை ஆராயக் கூடாதா?" தாராளமாக ஆராயலாம். 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றதே, மேடையில் இருந்தவர்களில் எத்தனை பேர் போய் ஒரு குடுவை நீர் எடுத்தீர்கள்? (இது சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். இருக்கட்டும்.)

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்த வாசகத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1988-ல், அப்புச்சி தோட்டத்துத் தொட்டியிலிருந்து இழைப்பாசியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து ஜன்னலில் வைத்திருந்தேன். வெயில் ஏறியதும் ஒவ்வோர் இழையிலும் கடுகை விடச் சிறிய குமிழிகள் ஒட்டிக்கொண்டு மின்னும். ஒன்று பிரிந்து மேலே போனால் அடுத்தது அதே இடத்தில் வந்து உட்காரும். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதத்தைக் காட்டியபோது அப்பா கேட்டார்: "பொம்பளைப்பிள்ளை பாசி வழித்தா பிழைக்கப் போகிறாய்?" பாட்டில் அன்றைக்கே சாக்கடைக்குப் போனது. நான் டீச்சர் ஆனேன். ஆனதில் வருத்தமில்லை என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் அமெரிக்காவில் மென்பொருள் எழுதியிருந்தால் அதே கையால் பொன்னாடை போர்த்தியிருப்பீர்கள். என்ன எழுதுகிறாய் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வீடியோவை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிரிப்பு வந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். 12-வது நிமிடத்திலிருந்து அனுப்புங்கள். அந்த இரண்டு குட்டைகளை அவள் காட்டுவது அங்கேதான்.