முப்பந்தல் காற்றாலையும் மின்சிக்கனமும்: ஒரு திருத்தம்

"முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுற்றுது, குமரிக்காரனுக்கு மின்சிக்கனம் எதுக்கு? அதெல்லாம் டெல்லி விஷயம், மாநிலத்துக்கு வேலையில்ல" என்று சிலர் சொல்வதில் இரண்டும் தவறு.

முப்பந்தல் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வலுவான காற்று தென்மேற்குப் பருவத்தில்தான், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. புழுங்கும் மார்ச், ஏப்ரல் ராத்திரிகளில் அதை நம்ப முடியாது. தவிர, அந்த மின்சாரம் போவது பொதுக் கட்டமைப்புக்கு. பக்கத்திலிருக்கும் தோவாளைக்கென்று தனி லைன் கிடையாது.

2001 ஆற்றல் சேமிப்புச் சட்டம் மத்திய சட்டம்தான். ஆனால் அதன் 15ஆம் பிரிவு, கட்டட விதிகளை உள்ளூர் தட்பவெப்பத்துக்கேற்ப மாற்றும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம். யூனிட் கூடக் கூட விலை ஏறும் கட்டணப் படிநிலையும் மாநில அளவில்தான் முடிவாகிறது.

அந்தப் படிநிலையில்தான் காசு இருக்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் 101–200 யூனிட்டுக்கான சலுகையும் போய்விடும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் கொண்டது) 30 வாட், சுமார் 22 யூனிட். மூன்றை மாற்றினால் 97 யூனிட் மிச்சம்: 560 வருகிற வீடு 463க்கு இறங்கும். (எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மெதுவாகவே ஓட்டுகிறவர்களுக்கு மிச்சம் குறையும்.) பி.எல்.டி.சி. ஃபேனை மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி சுவிட்சில் கொடுங்கள். பலர் இதைச் செய்யாமல், ஃபேனுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு எரிந்ததும் ஃபேனைத் திட்டுகிறார்கள்.