வரி வேறு, காப்பீட்டுச் சந்தா வேறு

'வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் வரி அரசுக்கு, நஷ்டம் வீட்டுக்காரருக்கு, ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) ஒப்பந்தமே அப்படித்தான் சொல்கிறது' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

வீட்டுத் தொழிலாளர்களுக்காக 2011-இல் வந்த அந்த 189-ஆம் ஒப்பந்தம் யாருக்கும் வரி போடச் சொல்லவில்லை. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு, பாஸ்போர்ட்டைத் தொழிலாளி தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை, இந்த மாதிரி விஷயங்கள்தான் அதில் இருக்கின்றன.

அடுத்து பணம். பிரான்ஸில் வீட்டுக்காரர் எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு சம்பளம் என்று மாதாமாதம் இணையத்தில் பதிகிறார். காப்பீட்டுச் சந்தாவைக் கணக்குப் போடுவது, சம்பளச் சீட்டு தயாரிப்பது எல்லாம் அந்தச் சந்தாவை வசூலிக்கும் 'உர்சாஃப்' அமைப்பின் வேலை. அந்தச் சந்தா, வேலை செய்பவரின் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்குப் போகிறது. சம்பளமும் சந்தாவும் சேர்ந்த செலவில் பாதியை, ஓர் உச்சவரம்புக்குள், அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறது. வருமான வரியே கட்டாதவர் எல்லோருக்கும் 2017 முதல் இது பணமாகவே கிடைக்கிறது. வசதியானவர்களுக்கு மானியமா என்று கேளுங்கள், நியாயமான கேள்வி. நஷ்டம் என்றால் எப்படி?

உங்கள் பக்கத்துக்கு உதவும் உதாரணம் பிரேசில். அங்கே 2015 சட்டப்படி ஒரே வீட்டுக்கு வாரத்தில் 2 நாளுக்கு மேல் வேலைக்கு வந்தால்தான் ஒருவர் வீட்டுத் தொழிலாளி. அந்தச் சட்டத்துக்குள் வராமல் இருக்க வீட்டுக்காரர்கள் பலர் 2 நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அது கோட்டை அந்த இடத்தில் கிழித்ததன் கோளாறு. சட்டமே கூடாது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.