ஒரு வெள்ளம் வந்தால் சரியாகிவிடுமா?

"ஆத்துக்கு என்ன, ஒரு வெள்ளம் வந்தா எல்லாம் சரியாயிரும்." எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியைப் பற்றி இதைச் சொல்லாத ஆள் குறைவு. சாக்கடை கலக்கிறதே என்றால் இந்தப் பதில்தான். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடக்கிறதே என்றாலும் இதேதான்.

இது பாதி உண்மை என்பதுதான் சிக்கல். குறுக்குத்துறை முருகன் கோவில் தாமிரபரணிக்கு உள்ளேயே இருக்கிறது. வெள்ளம் ஏறப்போகிறது என்று தெரிந்தால் உற்சவரை மேட்டிலுள்ள மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோவில் மூழ்கும். தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளி, கழுவிவிட்டு, மறுபடி பூசை. ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல் வழிவிடத் தெரிந்தவர்கள் கட்டிய கோவில் அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த 2023 டிசம்பரிலும் மூழ்கித்தான் எழுந்தது.

ஆறும் அப்படித்தான் எழுகிறது. ஆனால் சும்மா எழுவதில்லை. ஆறு பிறக்கும் பொதிகை மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்த மழையைச் சோலைக்காடும் புல்வெளியும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கோடையிலும் தண்ணீர் வருகிறது. கீழே கரையைக் கட்டி நிறுத்துவது மருத மரத்தின் வேர். கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூருக்குப் போனால் அதே மருத மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். (சீசனில் போங்கள், சத்தம் போடாமல்!)

அமலைச்செடியை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், சரி. மறுவாரமே சாக்கடை அதற்குத் தீனி போட்டு வளர்த்துவிடுகிறதே?

மணல் கதை இதைவிட மோசம். பாறை தேய்ந்து மணலாக எத்தனையோ தலைமுறை ஆகும். புதிதாக மலையிலிருந்து வருவதில் பெரும்பங்கு அணைகளிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீரைத் தேக்கி, வடிகட்டி, கரையோரக் கிணறுகளுக்குக் கொடுத்த மணலை லாரி லாரியாக அள்ளினோம். கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு வழக்குப் போட்டு, 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதிக்கும் அளவுக்கு அள்ளினோம்.

எங்கள் ஊர்ப் படித்துறையில் சின்ன வயதில் கடைசிப் படியிலிருந்து இறங்கினால் கால் மணலில் பதியும். இப்போது அந்தப் படிக்குக் கீழே ஆள் மட்டத்துக்குப் பள்ளம், அடியில் களிமண். 2023 வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நப்பாசையோடு போய்ப் பார்த்தேன். படித்துறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தது ஆறு. பள்ளம் அப்படியேதான் இருந்தது.