தலைகீழாகப் படிக்கும் அப்பா

தையல்காரரான தன் அப்பாவைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்ததும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. லெட்டர் பிரஸ் (பழைய பாணி அச்சகம்) ஒன்றில் அவர் 30 வருடம் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோர்ப்பவர். ஈய எழுத்துகளைப் பொறுக்கி ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்கும்போது வரி தலைகீழாகத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தில், எதிரில் உட்கார்ந்து நான் படிக்கும் பேப்பரை அவர் அந்தப் பக்கத்திலிருந்தே சரளமாகப் படித்துவிடுவார். சின்ன வயதில் மார்க் ஷீட்டை மறைக்கவே முடியாது!

1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியபோது, துதிக்கை போல வளைந்த பழைய 'லை', 'னை'யைத் தேடிக் கை பல மாதம் தானாகப் போகுமாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் 'மணமகள்' வர வேண்டிய இடத்திலும் 'மணமகன்' என்றே அச்சாகிவிட்டது. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது பெண் வீட்டார்தான். ஆனாலும் அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி கோர்த்தார், பேப்பர் செலவு அவர் சம்பளத்தில். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அம்மா பக்கமும் நியாயம் இருந்தது, வாடகை பாக்கி.

நான் இன்று கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். கடைசி வரியை முதலில் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. இப்போதும் என் வாட்ஸ்அப் செய்திக்குப் பதிலாக போன்தான் வரும்: "ஒற்று விட்டுட்டியேப்பா." இதையும் அவருக்குக் காட்டப் போகிறேன். எத்தனை பிழை பிடிப்பாரோ!