மூளையில் ரத்தம் உறைந்தாலே லுகேமியாவா?

"மூளையில் ரத்தம் உறைந்தால் அது ரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். அபூர்வமாகச் சிலருக்கு, குறிப்பாக அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வகையில், நோய் அப்படியும் வெளிப்பட்டிருக்கிறது. ஆனால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைய கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், கருத்தடை மாத்திரை, உடலில் நீர் வற்றுவது, காதில் சீழ், பரம்பரை உறைவுக் கோளாறு என்று இதைவிடச் சகஜமான காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. லுகேமியாவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவதால் பெரும்பாலும் நேர் எதிராகத்தான் நடக்கும்: பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு, கூடவே விடாத காய்ச்சல், சோர்வு. அப்புறம், ரத்த உறைவோடு வருபவருக்கு முழு ரத்த அணுப் பரிசோதனை எப்படியும் எடுப்பார்கள். அணுக்கள் தாறுமாறாக இருந்தால்தான் அடுத்த பேச்சு. கடும் தலைவலியோடு வலிப்போ பார்வை மங்கலோ வந்தால் ஃபார்வர்டைப் படிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.