அலை உயரம் 1.2 மீட்டர் என்று மட்டும் சொல்லி எங்களை ஏன் கடலுக்கு அனுப்புகிறீர்கள்?

‘கடல் மிதமாகக் காணப்படும், அலைகள் 1.0 முதல் 1.4 மீட்டர் உயரம் வரை எழும்பக்கூடும். வடகிழக்கிலிருந்து லேசான காற்று வீசும்.’ நீங்கள் தமிழில் சுருக்கி அனுப்பிய இந்த ஒரு கடல் வானிலைச் செய்தியை நம்பித்தான் போன ஐப்பசியில் என் அண்ணன் விடியற்காலை மூன்றரை மணிக்குப் படகைத் தள்ளினார். கரையிலிருந்து நூறு மீட்டர்கூடப் போகவில்லை. முதல் அலையை ஏறிக் கடந்தார்கள். இரண்டாவது அலை படகின் முனையைத் தூக்கியபோது என்ஜினின் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்து வெறுங்காற்றில் அலறிய சத்தம் கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. படகு குறுக்கே திரும்பிய அந்தக் கணத்தில் மூன்றாவது அலை வந்து அப்படியே புரட்டிப் போட்டது. நான்கு பேரும் உயிரோடு கரையேறினார்கள் என்பதால் இது எந்தச் செய்தியிலும் வரவில்லை. சித்தப்பா மகனுக்குக் காறை எலும்பு முறிந்தது. வலையை மணலுக்குள்ளிருந்து இரண்டு நாள் தோண்டி எடுத்தோம், பாதிதான் கிடைத்தது. அன்று வானம் தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை, பக்கத்துத் துறைமுகத்தில் எந்தப் புயல் கூண்டும் ஏற்றப்படவில்லை.

எங்கள் ஊர் பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய மீனவர் குடியிருப்பு. துறைமுகமோ அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவோ கிடையாது. ஃபைபர் படகை மணலில் வைத்து, அலை உடையும் இடத்தை நேராகக் கடந்துதான் போக வேண்டும், அதையே கடந்துதான் திரும்ப வேண்டும். வீட்டில் படித்தவள் நான் என்பதால், தினமும் இரவில் கைப்பேசிச் செயலியில் வரும் வானிலைச் செய்தியைப் படித்துச் சொல்வது என் வேலை. முந்தின நாள் மாலையும் அண்ணன், “பாப்பா, அலை எவ்வளவு போட்டிருக்கு?” என்று கேட்டார். “நடுவுல வெச்சா 1.2 மீட்டர்தாண்ணே, ஒண்ணுமில்ல” என்று சொன்னேன். திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து, “அலை கனத்து விழுவுதுடா. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நாலு மூச்சு விடலாம்போல இருக்கு. நாளைக்கு வேணாம்” என்றார். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, கணினியே சொல்கிறது என்று வாதாடியவள் நான். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

விபத்துக்கு மூன்று நாள் கழித்து, அதே செயலியில் வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில், சின்னஞ்சிறு எழுத்தில், அன்றைய விடியற்காலைக்கு நேராக ‘13 வினாடி’ என்று இருந்தது. ஓர் அலை முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அது. அலையின் கால இடைவெளி. அப்பா நாலு மூச்சு என்று சொன்னாரே, அதே கணக்கு. கணக்கிட்டவர்களின் கையில் அந்த எண் இருந்திருக்கிறது. தமிழில் சுருக்கி எங்களுக்கு அனுப்பும்போது அதைத்தான் கழித்துவிட்டு, உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அந்த எண் ஏன் முக்கியம் என்று சுருக்குபவர்களுக்குத் தெரியவில்லை என்றால், நான் சொல்கிறேன், கேளுங்கள். பக்கத்தில் அடிக்கும் காற்று எழுப்பும் அலை பெரும்பாலும் 5, 6 வினாடிக்கு ஒன்றாக வரும். 6 வினாடி அலையின் நீளம், அதாவது முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம், ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர். 13 வினாடி அலையின் நீளமோ 260 மீட்டருக்கும் மேல். நீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறையும்போது அலை அடிமண்ணை உணரத் தொடங்குகிறது; வேகம் குறைந்து, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்க, உயர்ந்து நிமிர்கிறது. இரண்டுமே ஆழ்கடலில் 1.2 மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வினாடி அலை எங்கள் கரையில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் உடைந்துவிடும். 13 வினாடி அலை இரண்டு மீட்டரைத் தொட்டுத்தான் உடையும், அதுவும் இருமடங்குக்கு மேற்பட்ட ஆற்றலைக் கரைக்குச் சுமந்து வந்து உடையும். கடலுக்குள் போய்விட்டால் அந்த நீண்ட அலை படகைத் தொட்டில்போலத் தூக்கி இறக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆள் விழுவதும் படகு கவிழ்வதும் கரையோரத்து நூறு மீட்டரில்தான், அந்த நூறு மீட்டரைப் பற்றித்தான் உங்கள் அறிவிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை.

உயரம் என்று நீங்கள் கொடுக்கிறீர்களே, அதையாவது ஒழுங்காக விளக்கியிருக்கிறீர்களா? அது வரக்கூடிய மிகப்பெரிய அலையின் உயரம் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்ட சராசரி அது. ஆயிரம் அலை வந்தால் அதில் ஒன்று அந்த அளவின் இருமடங்கை நெருங்கும். 13 வினாடிக்கு ஒன்று என்றால் ஆயிரம் அலை வந்து முடிய நான்கு மணி நேரம்கூட ஆகாது. ‘1.4 மீட்டர் வரை’ என்ற அந்த ‘வரை’ என்ற சொல்லை எழுதியவருக்கு, அதைப் படித்துவிட்டு ஒருவர் இருட்டில் படகைத் தள்ளுவார் என்ற நினைப்பே இல்லை.

அன்றைய அலை எங்கிருந்து வந்தது? நான்கு நாட்களாக வங்கக் கடலின் வடபகுதியில் ஒரு தாழ்வு மண்டலம் இருந்தது. தொலைக்காட்சியில் மாலைக்கு மாலை, ‘தமிழ்நாட்டுக்குப் பாதிப்பில்லை’ என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழைக்கும் காற்றுக்கும் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் 13 வினாடி அலைக்கூட்டம் ஒரு நாளில் 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும். புயல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது எழுப்பிவிட்ட அலை தன் வழியில் வந்துகொண்டேதான் இருக்கும். தெற்கிலிருந்து வரும் அலையை இலங்கைத் தீவு பெருமளவு தடுத்துவிடுகிறது. வடகிழக்கிலிருந்து வருவதற்கும் எங்கள் கரைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. துறைமுகக் கூண்டுகளில் 1 முதல் 11 வரை எண்கள் இருக்கின்றன. அவை துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்காக, புயலையும் காற்றையும் பற்றிச் சொல்பவை. தெளிந்த வானத்தின் கீழ் வந்து விழும் அலைக்கு அங்கே எந்தக் கூண்டும் கிடையாது.

அடுத்த கொடுமை, ஒரு மாவட்டத்துக்கு ஓர் எண். கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கரை; இப்போது அது மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று இரண்டு மாவட்டம். நடுவில் காரைக்கால் வேறு நிர்வாகம் என்பதால் அங்கே ஓர் அறிவிப்பு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறோர் அறிவிப்பு. அலை என்னவோ எல்லைக்கல் பார்த்து வருவதுபோல. கோடியக்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை தெற்கே வந்த கரை அங்கே மேற்கே திரும்புகிறது. கிழக்குப் பக்கம் திறந்த வங்கக் கடல். தெற்குப் பக்கம் ஆழம் குறைந்த பாக் நீரிணை. வாடை அடிக்கும் நாளில் ஒரு பக்கம் கால் வைக்க முடியாது, மறுபக்கம் வேறு கடல்போல இருக்கும். இரண்டுக்கும் ஒரே வரி, ஒரே எண்! இரண்டு கரையும் அறிந்த எவரும் இப்படி எழுதத் துணிய மாட்டார்.

கரையடி மணல்மேடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் காவிரி முகத்துவாரத்தையே மணல் அடைத்துவிடும், வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும். சித்திரையில் படகு போன வழியில் கார்த்திகையில் மேடு இருக்கும். அலையின் உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்கு ஆழத்தில் அது உடையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேடு எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று தெரியாமல் அலை எங்கே உடையும் என்று எவராலும் சொல்ல முடியாது. இதை அளக்க ஒரு படகும் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டும் போதும். மாதம் ஒருமுறை அளந்து சொல்ல ஆளில்லையா?

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்றின் திசை என்றால் எங்கிருந்து வருகிறது என்று பொருள். நீரோட்டத்தின் திசை என்றால் எங்கே போகிறது என்று பொருள். இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் மொழிபெயர்த்து, ‘வடகிழக்கு நோக்கிக் காற்று வீசும்’ என்று அனுப்புகிறார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கும், நீவாடு என்று நீரோட்டத்துக்கும் எங்களிடம் பெயர் இருக்கிறது. அந்தச் சொற்களைப் போட்டிருந்தால் பள்ளிக்கூடம் போகாத என் அப்பாகூடத் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார். நேரமோ அதைவிட மோசம்: செயலியின் அட்டவணையில் 00 என்று போட்டிருப்பது உலகப் பொது நேரம், நமக்குக் காலை 5.30. இது எனக்கே ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

எச்சரிக்கை வராத நாளின் கதை இது என்றால், வரும் நாளின் கதையும் சுகமில்லை. ‘அடுத்த ஐந்து நாட்களுக்கு மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று மொத்தக் கரைக்கும் ஒரே அறிவிப்பு வருகிறது. உயிரைக் காப்பதற்காக வரும் அறிவிப்பை நாங்கள் மீறச் சொல்லவில்லை; 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறிய இரவை அனுபவித்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். புயலின் பாதையை நாட்கணக்கில் முன்கூட்டிச் சொல்லும் அறிவியலுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஐந்து நாளில் இரண்டு நாள் எங்கள் கரையில் கடல் குளம்போலக் கிடக்கும்போது, வீட்டில் அரிசிப்பானை காலியாக இருக்கும்போது, அடுத்த எச்சரிக்கையை இளம் பையன்கள் மதிப்பார்களா? நம்பிக்கை இப்படித்தான் தேய்கிறது. அந்தப் பழி கடைசியில் ‘எச்சரிக்கையை மீறிய மீனவர்’ தலையில்தான் விழுகிறது.

குளிக்க வருகிறவர்களையும் யாரும் நினைப்பதில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பூம்புகாருக்கு வரும் கூட்டம் அலையைப் பார்த்துப் பழகிய கூட்டம் இல்லை. மணல்மேட்டின் இடைவெளி வழியாக நீர் கடலுக்குத் திரும்பி ஓடும் இடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரியும், குழந்தையோடு அங்கேதான் இறங்குவார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும் என்று ஒரு பலகையில் எழுத எவ்வளவு செலவாகும்? இருக்கும் பலகையில் ‘ஆழமான பகுதி’ என்று ஆண்டு முழுவதும் ஒரே வாசகம்தான், அதுவும் பாதி உப்பில் அரித்துப்போய்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: உயரத்தோடு வினாடியையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லுங்கள்; மாவட்டத்துக்கு ஒன்று என்றில்லாமல் பத்து கிலோமீட்டர் கரைக்கு ஒன்றாகப் பிரித்து, கரையில் அலை எவ்வளவு உயரத்தில் உடையும் என்று இந்திய நேரத்தில், தமிழில் கொடுங்கள்; அதையும் மாலை 6 மணிக்குள் கொடுங்கள், ஏனென்றால் ஐஸும் டீசலும் வாங்கி, ஆட்களுக்குச் சொல்லி அனுப்பிய பிறகு வரும் செய்தியால் யாருக்கும் பயனில்லை. மனுவை வாங்கியவர் இரண்டுமுறை படித்துவிட்டு, “அலைக்கு ஏம்மா வினாடி?” என்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எந்தத் துறை என்று அதில் இல்லை.

இப்போது தினமும் மாலையில் அப்பாவைக் கரைக்கு அழைத்துப் போகிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அலை விழும் சத்தத்தைக் கேட்டு விரலை மடக்குவார். நான் கைப்பேசிக் கடிகாரத்தில் பத்து அலை விழும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுத்து நோட்டில் எழுதுவேன். பக்கத்தில் செயலியின் எண்ணையும் எழுதுகிறேன். இதுவரை 74 மாலைகள் ஆகியிருக்கின்றன; பெரும்பாலான நாட்களில் இரண்டுக்கும் ஒரு வினாடி, ஒன்றரை வினாடிதான் வித்தியாசம். நூறு ஆனதும் அதைப் படியெடுத்து அடுத்த மனுவோடு இணைக்கப் போகிறேன். இன்று மாலை 7 வினாடி. போகலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் ஐஸ் வாங்கப் போயிருக்கிறார்.